குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்!

பாட்டில் தொங்கினால்தான் வைத்தியம் என்று நம்பும் ஊரில், ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு கேட்கும் நேரம் இது

இரவு எட்டரை மணி. மழைக்காலத்துக் காய்ச்சல் சீசன். ஊர் எதுவாகவும் இருக்கட்டும், கிளினிக் ஒரே மாதிரிதான் இருக்கும். டோக்கன் நாற்பதைத் தாண்டிவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்து, வாசல் படியிலும் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பச்சைத் திரைக்குப் பின்னால் மூன்று கட்டில்கள், மூன்றிலும் ஆள், மூன்று கம்பிகளிலும் பாட்டில். டாக்டருக்கு எதிரே ஐம்பது வயதுக்காரர் ஒருவர் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பேசுவது அவருடைய மகன்.

"ரெண்டு நாளா காய்ச்சல் சார். வாய் கசக்குதுன்னு எதுவும் சாப்பிட மாட்டேங்கிறார். ஒரு குளுக்கோஸ் ஏத்திட்டீங்கன்னா தெம்பா இருக்கும்."

"வாந்தி இருக்கா?"

"இல்லீங்க."

"கஞ்சி, தண்ணி இறங்குதா?"

"அதெல்லாம் குடிக்கிறார் சார். ஆனா ரொம்ப அசதி."

"அப்போ குளுக்கோஸ் வேண்டாம். மாத்திரை எழுதியிருக்கேன். கஞ்சி, மோர், ஓஆர்எஸ் நிறைய குடுங்க. நாளைக்கு ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு ரிசல்ட்டோட வாங்க."

மகனின் முகம் சுருங்குகிறது. வெளியே வந்து பைக்கை ஸ்டார்ட் செய்யும் முன் அப்பாவிடம் சொல்கிறார்: "பஸ் ஸ்டாண்டுகிட்ட இன்னொரு டாக்டர் இருக்கார்ப்பா. அவர் போட்டு விட்டுடுவார்."

இந்தக் கதையில் மருத்துவம் பார்த்தவர் முதல் டாக்டர். கைராசிக்காரர் என்ற பெயர் இரண்டாமவருக்குப் போகும், வருமானமும்தான்.

இதை ஏதோ அறியாமை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால், தேவையில்லாதவருக்கு ஆசைக்காக ஏற்றும் ஊரில், தேவைப்படுகிறவருக்கும் கணக்குப் பார்க்காமல்தான் ஏற்றுவார்கள். நம் கவலை அந்த இரண்டாவது ஆளைப் பற்றியது. டெங்குவில் படுத்திருக்கும் பத்து வயதுப் பெண், சோடியம் குறைந்து பிதற்றும் தாத்தா, வயிற்றுப்போக்கில் துவண்ட கைக்குழந்தை. இவர்களுக்கு அந்தப் பாட்டில் உயிர். அளவு தப்பினால் அதே பாட்டில்தான் எமன்.

பாட்டிலுக்குள் இரண்டு இட்லி

முதலில் அந்தத் 'தெம்பு'க் கணக்கைத் தீர்த்துவிடுவோம். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அரை லிட்டர் பாட்டில். உள்ளே இருக்கும் சர்க்கரை 25 கிராம். கலோரியில் நூறைத் தாண்டாது. இரண்டு இட்லி என்று வைத்துக்கொள்ளுங்கள், சட்னி கிடையாது. நார்மல் சலைன் பாட்டிலில் அந்த இரண்டு இட்லியும் இல்லை. அதில் கரைந்திருப்பது 4.5 கிராம் உப்பு. பெரியவர்களுக்கு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு பாட்டில் ஏறினாலே கிட்டத்தட்ட அன்றைய ஒதுக்கீடு தீர்ந்தது. பிரஷருக்காக ஊறுகாயையும் அப்பளத்தையும் துறந்த அதே பெரியவருக்குத்தான் இதை ஏற்றச் சொல்லிக் கெஞ்சுகிறோம்.

பிறகு எப்படித் தெம்பு வருகிறது? பல காரணங்கள். ஒரு மணி நேரம் ஃபேனுக்குக் கீழே அசையாமல் படுத்திருக்கிறார். உடம்பில் கொஞ்சம் நீர் குறைந்திருந்தால் அது சரியாகிறது. பாட்டிலோடு காய்ச்சல் ஊசியும் வாந்தி ஊசியும் சேர்ந்து போகின்றன. சில இடங்களில் வாய்திறக்காமல் ஸ்டீராய்டும் போகும். மஞ்சள் நிறத்தில் வைட்டமின் கலந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், கண்ணுக்கே தெம்பு தெரியும். சாதாரண வைரஸ் காய்ச்சலாக இருந்தால் மூன்றாவது நாள் எப்படியும் இறங்கத்தான் போகிறது. பெயர் பாட்டிலுக்கு.

ஏற்றிய நீர் உடம்புக்குள் எங்கே போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அறுபது கிலோ எடையுள்ள ஆணின் உடம்பில் ஏறக்குறைய 36 லிட்டர் தண்ணீர். அதில் மூன்றில் இரண்டு பங்கு உயிரணுக்களுக்குள்ளே. மீதி வெளியே. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா சுமார் 3 லிட்டர் மட்டுமே. டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினால் சர்க்கரை எரிந்துபோய், வெறும் தண்ணீர் உடம்பெங்கும் பரவிவிடும். ரத்தக்குழாயில் தங்குவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சலைன் உயிரணுக்களுக்கு வெளியிலேயே நிற்கும். அதில் சுமார் கால் பங்கு ரத்தக்குழாயில் தங்கும். எனவே பிரஷர் இறங்கி மயங்கிக் கிடப்பவருக்கு டெக்ஸ்ட்ரோஸை மட்டும் ஓடவிட்டால் பாட்டில் காலியாகும், பிரஷர் ஏறாது.

> பெட்டிச் செய்தி: எந்தப் பாட்டிலில் என்ன?
>
> டி5 (5% டெக்ஸ்ட்ரோஸ்): அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரை. உப்பு இல்லை. உடம்புக்குள் போன கொஞ்ச நேரத்தில் வெறும் தண்ணீர்.
>
> என்எஸ் (நார்மல் சலைன், 0.9%): லிட்டருக்கு சோடியம் 154, குளோரைடு 154 மில்லிமோல். ரத்தத்தில் குளோரைடு 100-ஐ ஒட்டியே இருக்கும். பெயரில்தான் 'நார்மல்'.
>
> டிஎன்எஸ்: மேலே சொன்ன இரண்டும் சேர்ந்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு யோசித்துப் போட வேண்டியது.
>
> ஆர்எல் (ரிங்கர் லாக்டேட்): சோடியம் சுமார் 130, பொட்டாசியம் 4, கொஞ்சம் கால்சியம், லாக்டேட். ரத்தத்தின் சேர்மானத்துக்கு நெருங்கியது.
>
> 3% சலைன்: மூளை வீங்கும் அளவுக்குச் சோடியம் குறைந்தவர்களுக்கு, கண்காணிப்பில் மட்டும்.

காலரா கொடுத்த கொடை

இந்தச் சிகிச்சை பிறந்ததே காலராவில். 1831-ல் இங்கிலாந்தில் காலரா நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்த இளம் மருத்துவர் வில்லியம் ஓஷானெஸி, அதில் நீரும் உப்பும் வற்றிப்போயிருப்பதைக் கண்டுபிடித்தார். (பின்னாளில் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியாவில் தந்திக் கம்பி இழுத்தவரும் இவரேதான்.) அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா, சாகக் கிடந்த ஒரு மூதாட்டியின் நரம்பில் உப்புநீரை ஏற்றினார். ஆறு பைன்ட், அதாவது மூன்று லிட்டருக்கும் மேல். நாடி திரும்பியது, குழிவிழுந்த கண்கள் மலர்ந்தன, பேசினார். லாட்டா நிம்மதியாகக் கிளம்பிப் போனார். வயிற்றுப்போக்கு தொடர்ந்தது. யாரும் மறுபடி ஏற்றவில்லை. சில மணி நேரத்தில் அந்தப் பெண் இறந்துவிட்டார். ஏற்றினால் மட்டும் போதாது, பக்கத்திலிருந்து பார்க்கவும் வேண்டும் என்பதை முதல் நோயாளியே சொல்லிவிட்டுப் போனார்.

சிட்னி ரிங்கர் 1880-களில் தவளை இதயத்தை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து வந்தது ரிங்கர் கரைசல். 1930-களில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அலெக்ஸிஸ் ஹார்ட்மன் அதில் லாக்டேட் சேர்த்தார். இன்று நம் ஆஸ்பத்திரிகளில் 'ஆர்எல்' என்று தொங்குவது அந்தக் கூட்டணிதான்.

காய்ச்சல் விட்ட பிறகு

டெங்குவில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். வீட்டில் எல்லோரும் நிம்மதியாவார்கள். சிலருக்கு ஆபத்து அப்போதுதான் ஆரம்பிக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவர்கள் கசியத் தொடங்கி, பிளாஸ்மா நெஞ்சுக்கூட்டுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இறங்கும். ரத்தம் கெட்டிப்படும். கை கால் சில்லிடும். சிறுநீர் குறையும். விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசாதாரணச் சோர்வு எல்லாம் இதற்கு முன்னோடி. இந்தக் கசிவு நீடிப்பது 24 முதல் 48 மணி நேரம்.

அந்த இரண்டு நாள்களில் டிரிப்ஸ்தான் மருந்து. டெங்குவுக்கு வைரஸைக் கொல்லும் மாத்திரை எதுவும் கையில் இல்லை. குழாய் கசியும்வரை ரத்த ஓட்டத்தைத் தாக்குப்பிடிக்க வைப்பதே சிகிச்சை. உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி, அபாய அறிகுறி உள்ளவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு மணி நேரம் கிலோவுக்கு மணிக்கு 5 முதல் 7 மில்லி, பிறகு 3 முதல் 5, அப்புறம் 2 முதல் 3 என்று படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. ஐம்பது கிலோ ஆளுக்கு மணிக்கு 250–350 மில்லியில் ஆரம்பித்து 100–150-க்கு இறங்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் நாடி, பிரஷர், சிறுநீர், ஹெமடோக்ரிட் எனப்படும் ரத்த அடர்த்தி ஆகியவற்றைப் பார்த்துத்தான் அடுத்த படி.

எல்லோரும் பயப்படுவது போதாமல் போய்விடுமோ என்றுதான். சேதம் மறுபக்கத்திலும் நடக்கிறது. கசிவு நின்றதும், வெளியே போன அத்தனை நீரும் ரத்தக்குழாய்க்குள் திரும்பி வரத் தொடங்கும். அந்த நேரத்தில் 'இன்னும் சோர்வா இருக்கான், இன்னொரு பாட்டில் போடுங்க' என்று ஓடவிட்டால், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் வெள்ளம். நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். டெங்குவின் அதிர்ச்சியிலிருந்து பிழைத்த குழந்தை, ஏற்றிய நீரால் வென்டிலேட்டருக்குப் போகும் கொடுமை இப்படித்தான் நேர்கிறது.

டெங்கு வார்டுக்கு வெளியே நிற்கும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் போனில் பேசுவது ஒரே எண்ணைப் பற்றி: "பிளேட்லெட் எவ்ளோ?" ஒரு லட்சம், எண்பதாயிரம், நாற்பதாயிரம் என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஓடும். ரத்தக் கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கை குறைந்திருக்கிறது என்பதற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதை வழிகாட்டிகள் ஆதரிப்பதில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: ஹெமடோக்ரிட் ஏறுகிறதா, கடைசி ஆறு மணி நேரத்தில் சிறுநீர் எவ்வளவு போனது?

வாயால் குடிக்க முடிகிற, அபாய அறிகுறி இல்லாத டெங்கு நோயாளிக்கு டிரிப்ஸே தேவையில்லை. ஓஆர்எஸ், கஞ்சி, பழச்சாறு போதும். முதல் காட்சியில் வந்த டாக்டர் சொன்னதும் இதுதான்.

'உப்பு குறைஞ்சிருச்சு'

எழுபது வயதைத் தாண்டியவர்கள் உள்ள வீடுகளில் இன்று சர்க்கரை, பிரஷர் போலவே புழங்கும் வார்த்தை சோடியம். நேற்றுவரை பேப்பர் படித்துக்கொண்டிருந்த தாத்தா, இன்று காலையில் பேத்தியின் பெயரை மறந்துவிடுகிறார். நடை தள்ளாடுகிறது. பாத்ரூமில் விழுகிறார். பக்கவாதமோ என்று பதறி ஸ்கேன் எடுத்தால் மூளை சுத்தமாக இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் சோடியம் 115. இயல்பாக இருக்க வேண்டியது 135 முதல் 145.

'உப்பு குறைந்துவிட்டது' என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் மோரில் உப்பை அள்ளிப் போடுகிறார்கள். பெரும்பாலும் நடந்திருப்பது வேறு: உப்பு குறையவில்லை, தண்ணீர் கூடியிருக்கிறது. சிறுநீரகம் தண்ணீரை வெளியேற்ற முடியாமல் தேக்கிக்கொள்வதால் சோடியம் நீர்த்துப்போகிறது. காரணம் நிமோனியாவாக இருக்கலாம், தைராய்டு குறைவாக இருக்கலாம், மனச்சோர்வு மாத்திரையாகவோ வலிப்பு மாத்திரையாகவோ இருக்கலாம், இதய பலவீனமாகவும் இருக்கலாம். உப்பையும் சேர்த்து வெளியே தள்ளும் முக்கியக் குற்றவாளி ஒன்று நம் வீட்டு மாத்திரை டப்பாவிலேயே இருக்கிறது. பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'ஹெச்' என்ற எழுத்து ஒட்டியிருந்தால், பெரும்பாலும் அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர்ப்பிரிப்பு மருந்து சேர்ந்திருக்கிறது என்று பொருள். நல்ல மருந்துதான், லட்சக்கணக்கானோர் சாப்பிடுகிறார்கள். வயதானவர்களுக்கு, அதிலும் சாப்பாடு குறைந்து தண்ணீர் மட்டும் நிறையக் குடிப்பவர்களுக்கு, அது சோடியத்தை இறக்கிவிடும். இதைப் படித்துவிட்டு நாளை காலை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள், சோடியம் பார்க்கச் சொல்லுங்கள்.

காரணத்துக்கு ஏற்ப வைத்தியம் தலைகீழாக மாறும். வயிற்றுப்போக்கில் உப்பும் நீரும் இழந்தவருக்குச் சலைன் ஏற்ற வேண்டும். தண்ணீர் தேங்கியவருக்குக் குடிக்கும் தண்ணீரையே குறைக்க வேண்டும். இவருக்கும் பழக்கதோஷத்தில் சலைன் ஏற்றினால், சிறுநீரகம் உப்பை வெளியே தள்ளிவிட்டுத் தண்ணீரை மட்டும் வைத்துக்கொள்ளும். சோடியம் இன்னும் இறங்கும். டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினால் சொல்லவே வேண்டாம்.

சரி, வேகமாக ஏற்றிச் சரிசெய்துவிடலாமே? அங்கேதான் பெரிய பள்ளம் காத்திருக்கிறது. சோடியம் மெல்லக் குறைந்தபோது மூளையின் அணுக்கள் அதற்குத் தக்கபடி தங்களைச் சரிசெய்துகொண்டிருக்கும். வெளியே திடீரென்று உப்பு கூடினால் அந்த அணுக்களிலிருந்து நீர் உறிஞ்சப்பட்டு, நரம்புகளின் மேலுறை சிதையும். 1959-ல் முதன்முதலில் விவரிக்கப்பட்ட பாதிப்பு இது. இதில் உள்ள குரூரம், அது உடனே தெரிவதில்லை. சோடியம் ஏறியதும் நோயாளி தெளிந்து பேசுவார். வீடே மகிழும். சில நாள் கழித்துப் பேச்சு குழறும், விழுங்க முடியாது, கை கால் விழுந்துவிடும். அதனால்தான் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 புள்ளிக்கு மேல் ஏற்றக் கூடாது என்கிறார்கள். 115 உள்ளவரை ஒரே நாளில் 135 ஆக்கிக் காட்டும் டாக்டரைப் பாராட்டாதீர்கள். 'மூணு நாளா ஐசியூல வெச்சுப் பில்லு ஏத்துறாங்க' என்று சந்தேகப்படும் முன்பும் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆரோக்கியமானவர்களையும் சோடியம் குறைவு விடுவதில்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் சோதிக்கப்பட்ட 488 ஓட்டக்காரர்களில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியவர்களுக்கே அது அதிகம் நேர்ந்தது. தாகமே இல்லாமல் 'நாளைக்கு அஞ்சு லிட்டர்' என்று வாட்ஸ்அப் பார்த்துக் குடிப்பவர்கள் கவனிக்கலாம்.

பத்து மில்லி ஆம்பூல்

பொட்டாசியம் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை, அதன் எல்லை அவ்வளவு குறுகியது. ரத்தத்தில் 3.5 முதல் 5 வரை. குறைந்தாலும் கூடினாலும் இதயத் துடிப்பு தாறுமாறாகும். வாந்தி, பேதி, நீர் மாத்திரையால் குறைந்தவருக்குப் பொட்டாசியம் குளோரைடைப் பாட்டிலில் கலந்து மெதுவாக ஏற்றுவார்கள். சாதாரண வார்டில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட் என்பது வழக்கமான வரம்பு. கலக்காமல், அப்படியே ஊசியில் எடுத்து நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். பார்வைக்கு அந்த ஆம்பூலும் சாதாரண நீர் ஆம்பூலும் ஒன்றுபோலவே இருக்கும். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், 1998-ல் தொடங்கிய எச்சரிக்கை அறிக்கை வரிசையில் முதல் அறிக்கையே இந்த மருந்தைப் பற்றித்தான். வார்டு அலமாரியில் இதை வைக்காதீர்கள், பூட்டி வையுங்கள் என்பது அதன் சாரம். இரவு ஷிஃப்டில் ஒரே நர்ஸ் முப்பது நோயாளிகளைப் பார்க்கும் நம் வார்டுகளுக்கு அந்த அறிவுரை இன்னும் அவசரம்.

இளநீர் இங்கே ஒரு வார்த்தை. அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வெயிலில் வந்தவருக்கு அமிர்தம். சிறுநீரகம் கெட்டவருக்கும், பொட்டாசியத்தைத் தேக்கும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் அது ஆகாது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள் கையில் இளநீர் பாட்டிலோடு போகும் முன் ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது.

> பெட்டிச் செய்தி: சொட்டுக் கணக்கு
>
> சாதாரண டிரிப்ஸ் செட்டில் 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி. குழந்தைகளுக்கான மைக்ரோ செட்டில் 60 சொட்டு.
>
> அரை லிட்டர் நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டுமென்றால் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. எட்டு மணி நேரம் என்றால் 21.
>
> 'சீக்கிரம் முடிஞ்சா வீட்டுக்குப் போயிடலாம்' என்று உருளையைத் தள்ளி வேகத்தைக் கூட்டும் உறவினர், மருந்தின் அளவை மாற்றுகிறார்.
>
> ஊசி போட்ட இடம் வீங்கினாலோ, சிவந்தாலோ, எரிந்தாலோ உடனே சொல்லுங்கள். குழாயில் தெரியும் சின்னக் காற்றுக் குமிழியைக் கண்டு அலற வேண்டாம். அதைவிட, படுத்தவருக்கு மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் உலகம் கற்றது

1957-ல் ஹாலிடே, சேகர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் குழந்தையின் எடையை வைத்து ஒரு நாள் நீர்த்தேவையைக் கணக்கிடும் எளிய சூத்திரம் கொடுத்தார்கள். இன்றும் அதுதான் பாடம். அதோடு ஒட்டி வந்த இன்னொரு பழக்கம், உப்பு மிகக் குறைந்த பாட்டில்களைக் குழந்தைகளுக்கு ஏற்றுவது. காய்ச்சல், வலி, அறுவை சிகிச்சை ஆகிய நேரங்களில் குழந்தையின் உடம்பு தண்ணீரைத் தேக்கும். அப்போது உப்பில்லா நீர் உள்ளே போனால் மூளை வீங்கும்.

வடக்கு அயர்லாந்தில் ஐந்து குழந்தைகளின் மரணம் பற்றிய விசாரணை பல ஆண்டுகள் நடந்து, நீதிபதி ஜான் ஓஹாராவின் அறிக்கை 2018 ஜனவரியில் வெளியானது. மரணங்களில் சில தவிர்த்திருக்கக்கூடியவை என்றது அது. அதைவிடக் கடுமையாக அறிக்கை சாடியது, பெற்றோரிடம் உண்மை மறைக்கப்பட்டதை. நடந்ததைச் சொல்லும் கடமையைச் சட்டமாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், பிறந்து 28 நாள் ஆனவர்கள் முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்குத் தொடர்ந்து ஏற்றும் திரவம் ரத்தத்துக்கு நிகரான உப்பு உள்ளதாக இருக்க வேண்டும் என்று வழிகாட்டியது.

அளவைப் பற்றிய அதிர்ச்சி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த 'ஃபீஸ்ட்' ஆய்வு, 2011-ல் வெளியானது. பாடப்புத்தகம் சொன்னபடி வேகமாகத் திரவம் ஏற்றப்பட்ட குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் 10.5 சதவீதத்தை ஒட்டி. அப்படி ஏற்றாத குழுவில் 7.3 சதவீதம். ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். தீவிர சிகிச்சை வசதி இல்லாத இடங்களின் அனுபவம் அது, எல்லா ஊருக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் 'ஏற்றினால் நல்லதுதானே' என்ற வாதம் அன்றோடு செத்துவிட்டது.

பாட்டிலே நஞ்சானால்

2024 நவம்பரில் கர்நாடகத்தின் பெல்லாரி அரசு மருத்துவமனையில் சிசேரியனுக்குப் பிறகு பெண்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். சந்தேகம் ரிங்கர் லாக்டேட் பாட்டில்கள் மேல் விழுந்தது. 2025 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் மேதினிபூரிலும் பிரசவித்த பெண்ணின் மரணத்தில் அதே கேள்வி எழுந்தது. இந்தியாவில் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் பொருளுக்கு இவ்வளவு தளர்வான கண்காணிப்பு என்பதை எந்த அரசும் நியாயப்படுத்த முடியாது.

அமெரிக்காவில் நேர்ந்தது வேறு விதம். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினாவில் இருந்த பாக்ஸ்டர் ஆலையை மூழ்கடித்தது. நாட்டின் டிரிப்ஸ் தேவையில் சுமார் 60 சதவீதம் அந்த ஓர் ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. தட்டுப்பாடு வந்ததும் பெரிய ஆஸ்பத்திரிகள் எடுத்த முதல் முடிவுகளில் ஒன்று: குடிக்க முடிகிறவர்களுக்குக் குடிக்கக் கொடுங்கள்.

போங்காவ் சொன்ன வழி

இதை நம் துணைக்கண்டம் 1971-லேயே நிரூபித்திருந்தது. வங்கதேசப் போரின்போது எல்லையோர போங்காவ் முகாமில் அகதிகள் காலராவில் செத்துக்கொண்டிருந்தார்கள். சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது. கல்கத்தா மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ், உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த பொட்டலங்களைத் தயாரித்து, தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைக்கச் சொன்னார். நோயாளிகளுக்குப் புகட்டியவர்கள் தாய்மாரும் உறவினரும். முப்பது சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பு, அவர் முகாமில் 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. குடலில் சர்க்கரையும் சோடியமும் கைகோத்துத்தான் உள்ளே நுழையும், கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும் என்பதே இதன் சூட்சுமம். அவருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது 2023-ல், மறைந்த பிறகு.

இந்த எளிய பொட்டலத்தையும் நாம் விட்டுவைக்கவில்லை. ஓஆர்எஸ் என்ற பெயரைத் தாங்கிய இனிப்புப் பானங்கள் ஆண்டுக்கணக்கில் மருந்துக்கடை அலமாரியில் உட்கார்ந்திருந்தன. சர்க்கரை கூடினால் பேதி கூடும். ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் தனியாகப் போராடியதன் பலனாக, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் எந்த உணவு, பானத்தின் பெயரிலும் ஓஆர்எஸ் என்ற சொல் இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டது.

> பெட்டிச் செய்தி: அசல் ஓஆர்எஸ்
>
> ஒரு லிட்டருக்கான பொட்டலம் 20.5 கிராம்: குளுக்கோஸ் 13.5, உப்பு 2.6, சோடியம் சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. உலக சுகாதார நிறுவனத்தின் சேர்மானம் என்று உறையில் இருக்கிறதா பாருங்கள்.
>
> முழுப் பொட்டலத்தையும் முழு லிட்டரில் கரைக்க வேண்டும். டம்ளரில் ஒரு சிட்டிகை என்பது தவறு. 24 மணி நேரத்தில் தீராததைக் கொட்டிவிடுங்கள்.
>
> பொட்டலம் கிடைக்காத அவசரத்தில்: ஒரு லிட்டர் சுத்தமான நீர், தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.
>
> இரண்டு வயதுக்குக் கீழ் ஒவ்வொரு பேதிக்கும் 50–100 மில்லி, ஸ்பூனில் மெதுவாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மீண்டும்.
>
> கண் குழிந்து, துவண்டு, குடிக்கவே முடியாத குழந்தையை ஸ்பூனோடு வீட்டில் வைத்திருக்காதீர்கள். உடனே 108.

கேளுங்கள்

பிரிட்டனில் 1999-ல் வெளியான ஒரு தேசியத் தணிக்கை, டிரிப்ஸ் ஏற்றப்படும் நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் வரை தவறான முறையால் பாதிக்கப்படுவதாகச் சொன்னது. 2013-ல் அங்கே விரிவான வழிகாட்டி வந்தது. எந்தத் திரவம், எவ்வளவு, எத்தனை மணி நேரம், எப்போது நிறுத்துவது என்று மருந்துச்சீட்டு போலவே எழுத வேண்டும், தினமும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றது. நம் வார்டுகளில் பல கேஸ் ஷீட்டுகளில் இன்னும் 'ஐவி ஃப்ளூயிட்ஸ்' என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. உள்ளே போனதும் வெளியே வந்ததும் எழுதும் அட்டவணை பாதி காலி. இதைச் சரிசெய்யப் புதிய கருவி வேண்டாம், பட்ஜெட் வேண்டாம். சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பி, அட்டவணை நிரம்பியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை சரிபார்த்தால் போதும். நர்ஸ் எண்ணிக்கையைக் கூட்டுவது அதற்கு அடுத்த வேலை, அதைத் தள்ளிப்போடுவதற்கும் நியாயமில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 'குளுக்கோஸ் ஏத்துங்க' என்று கேட்பதற்குப் பதில், 'இவர் வாயால குடிச்சாப் போதாதா டாக்டர்?' என்று கேளுங்கள். போதாது என்றால், என்ன பாட்டில், எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். வீட்டில் கிட்னி, இதய நோயாளி இருந்தால் ஊசி குத்துவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பாட்டில் வேண்டாம் என்று சொல்லும் டாக்டர் உங்கள் ஊரில் இருந்தால், அவரை விட்டுவிடாதீர்கள்.